எட்டுச் சீட்டு, ஒன்பது ஆத்துமா

செகோவியா, மார்ச் 8, 1601
சாம்பல் புதனுக்கு மறுநாள்

தம்பி மெல்ச்சோருக்கு, அக்கா மென்சியா எழுதுவது.

உன் புத்தகம் வந்து சேர்ந்தது. 'இல்லம் என்னும் இராச்சியம்' என்று தலைப்பே கம்பீரமாக இருக்கிறது. முதல் பக்கத்தில் "கீழ்ப்படிதலுக்குப் பேர்போன என் தமக்கைக்கு" என்று எனக்கே காணிக்கையாக்கியிருக்கிறாய். அதை வாசித்துக் காட்டியதும் சமையல்காரி உர்ராக்கா சிரித்த சிரிப்பில் கடலைச் சட்டி அடிப்பிடித்துவிட்டது.

நான் சிரிக்கவில்லை. காரணம், என் கொழுந்தன் தொரீபியோ. உன் அத்தானின் முப்பதாம் நாள் பூசைக்கு என்று டிசம்பரில் வந்தவர் இன்னும் மூட்டையைக் கட்டவில்லை. தினமும் சாப்பாட்டு மேசையில் உன் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு மூன்றாம் அதிகாரத்தைச் சத்தமாக வாசிக்கிறார்.

"அண்ணி, நான் சொல்லலை, சலமான்கா பல்கலைக்கழகமே சொல்லுது. ஆம்பளைத் தலை இல்லாத வீடு ராஜா இல்லாத நாடாம். உங்க கூடப்பிறந்தவரே எழுதிட்டாரு, அப்புறம் என்ன?"

விஷயம் இதுதான். பதினேழாம் தேதி ஒர்துன்யோ சாமியார் ஆத்துமாக் கணக்கு எழுத வருகிறார். வீட்டுக்கு வீடு யார் தலை, அவருக்குக் கீழே எத்தனை ஆத்துமா என்று ஏட்டில் எழுதுவாரே, அது. என் பெயர் முதலில் இருக்க வேண்டும். தொரீபியோ தன் பெயரை முதலில் எழுதச் சொல்லப்போகிறார். எழுதிவிட்டால் அவர்தான் வீட்டுத் தலை. வீட்டுத் தலையாகிவிட்டால் கித்தேரியாவைக் கம்பளித் தரகர் ஹினேஸ் கொர்தேரோவுக்குக் கட்டிக்கொடுத்துவிடுவார். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. என் பெண்ணுக்குப் பதினேழு. மாப்பிள்ளைக்கு வேண்டியது பெண் இல்லை, எங்கள் சாயப்பட்டறை. ஆளுக்குப் பாதி என்று இருவரும் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார்கள் என்று வண்டிக்காரர் ஃப்ரோய்லான் சொல்கிறார்.

நீ எழுதியதுதானே? நான் சொன்ன அர்த்தம் அது இல்லை என்று நாலு வரி தொரீபியோவுக்கு எழுது. சீக்கிரம்.

மென்சியா

*

சலமான்கா, மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் எனக்கு மிகுந்த ஆறுதல் தந்தது. அச்சேறி இரண்டே மாதத்தில் என் நூல் செகோவியாவில் குடும்ப மேசையில் வாசிக்கப்படுகிறது! மூன்றாம் அதிகாரம் தவிர வேறு எது அவருக்குப் பிடித்திருக்கிறது என்று விசாரித்து எழுது.

நீ கேட்டபடி நாலு வரி எழுத முடியாது. கோபப்படாமல் கேள். நீதிநூல் பேராசிரியர் பீடம் காலியாகியிருக்கிறது. போட்டியில் நானும் டாக்டர் வில்யாகொர்த்தாவும். ஒரு வரியை நான் திரும்பப் பெற்றாலும் அவர் அதைப் பல்கலைக்கழக வாசலில் ஒட்டிவிடுவார். தேர்ந்தெடுப்பவர்கள் மாணவர்கள். ஆமாம், வாக்குப் போட்டு. இந்த ஏற்பாடு எனக்குச் சம்மதமில்லை, கீழே இருப்பவன் மேலே இருப்பவனைத் தேர்ந்தெடுப்பது ஒழுங்குக்கு விரோதம். ஆனாலும் பாதாம் அல்வா வாங்கிக் கொடுத்துவருகிறேன்.

கோட்பாடு சரியானது, அக்கா. இல்லம் ஒரு சிறிய இராச்சியம், அதற்குத் தலை ஒன்றுதான். இங்கே என் வீட்டையே எடுத்துக்கொள். (வீடு விதவை அல்தோன்சாவுடையது, நான் மாடியில் குடியிருக்கிறேன். அதனால் என்ன.) எவ்வளவு அமைதி! அல்தோன்சா மாலையில் என் மைக்கூட்டை எடுத்து ஒளித்துவைத்துவிடுகிறாள், எழுதியது போதும் என்று. மூன்று நாளாகக் கீரையும் கடலையும்தான் போடுகிறாள். நான் ஆட்சேபிக்கவில்லை. பெருந்தன்மை ஆள்பவனுக்கு அழகு.

பொறுமையாக இரு. கித்தேரியாவுக்கு என் ஆசி.

மெல்ச்சோர்

*

செகோவியா, மார்ச் 20

மெல்ச்சோர்,

நீ பெருந்தன்மையாகக் கீரை தின்றுகொண்டிருந்தபோது சாமியார் வந்துபோய்விட்டார்.

எல்லாரையும் முற்றத்தில் நிற்கவைத்தார்கள். தொரீபியோ உன் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றார். சாமியார் என்னைப் பார்த்தார்.

"போன வருஷம் உன் புருஷன் பேரு. இந்த வருஷம் யாருமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தொரீபியோ மூன்றாம் அதிகாரத்தைத் திறந்துவிட்டார். அரைப் பக்கம் வாசித்தார். சாமியாருக்கு இன்னும் பதினான்கு வீடு பாக்கி. மழை வேறு தூறியது.

"சரி சரி, நிறுத்துப்பா. எழுதிக்கிறேன்."

தொரீபியோ முதல் வரி. எனக்கு இரண்டாவது வரி. பிறகு கித்தேரியா, உர்ராக்கா, வேலைக்காரி ஒலால்யா, சாயக்காரர்கள் பிளாஸ், அந்தோன், சாஞ்சோ, வண்டிக்காரர் ஃப்ரோய்லான். மொத்தம் ஒன்பது ஆத்துமா. இருபத்து மூன்று வருஷம் இந்தப் பட்டறையின் நெருப்பைப் பார்த்துக்கொண்டவளுக்கு ஏட்டில் ஒரு வரி, அதுவும் கொழுந்தனுக்குக் கீழே.

அன்றே என் பெண்ணைக் கூப்பிட்டு, பாஸ்கா பண்டிகைக்குப் பிறகு கல்யாண ஒப்பந்தம் என்று சொல்லிவிட்டார். அவள் நேராகப் பட்டறைக்குப் போய்ச் சாயக் கொப்பரையைக் கிளறிக்கொண்டே இருந்தாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை.

பிறகு நானும் உட்கார்ந்து உன் புத்தகத்தை முழுவதும் வாசித்தேன். மூன்றாம் அதிகாரத்தோடு எல்லாரும் நிறுத்திவிடுகிறார்கள். ஏழாம் அதிகாரம் நன்றாக இருக்கிறது, தம்பி. தலைவனின் கடமைகள். ஊழியருக்கு ஞானோபதேசம் சொல்வது, சண்டை தீர்ப்பது, எல்லாருக்கும் முன்னால் எழுவது, ஒவ்வொருவரும் சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிட்டு, பாவசங்கீர்த்தனச் சீட்டு வாங்கினார்களா என்று பார்ப்பது. ஒரே ஒரு சந்தேகம். இதையெல்லாம் தலைவன் தானேதான் செய்ய வேண்டுமா? வீட்டுப் பெண்பிள்ளைகளிடம் தள்ளிவிடலாமா? நேராகப் பதில் சொல்.

அக்கா

*

சலமான்கா, மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நீ முழுவதும் வாசித்தாய் என்று அறிந்து கண் கலங்கினேன். இதுவரை முழுவதும் வாசித்தவர் அச்சுக்கோப்பவர் மட்டும்தான்.

உன் கேள்விக்கு ஐயமற்ற பதில்: தள்ளக் கூடாது. ஒவ்வோர் ஆத்துமாவுக்காகவும் சர்வேசுரன் முன் பதில் சொல்ல வேண்டியவன் தலைவனே. சின்னக் காரியம் பெரிய காரியம் என்ற பேதமில்லை. உப்புக்கும் அவனே பொறுப்பு. இந்தப் பத்தியை நீ தொரீபியோவுக்கு வாசித்துக் காட்டலாம், அவர் மகிழ்வார்.

இன்னொன்று. எழுத மனம் ஒப்பவில்லை, எழுதாவிட்டால் தூக்கமும் வராது. திருமண விஷயத்தில் திருச்சபையின் பொதுச்சங்கம் திட்டமாகச் சொல்லியிருக்கிறது. பங்குச்சாமியார் முன்னால் பெண் தன் வாயால் சம்மதம் சொல்லாமல் கல்யாணம் இல்லை. தகப்பனுடைய அதிகாரமே கோவில் வாசலோடு நின்றுவிடுகிறது, சித்தப்பனுக்கு என்ன இருக்கிறது. இதைப் பதினோராம் அதிகாரத்தில் அடிக்குறிப்பாகச் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறேன். கித்தேரியாவுக்குச் சொல்லிவிடாதே.

இந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படித்துத் திருத்திக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து அல்தோன்சா, "உப்புக்கும் அவரே பொறுப்பாமே! ஐயா, இங்க வந்து உப்பு எங்கிருக்குன்னு காட்டுங்க பாக்கலாம்" என்றாள். ஆறு மாணவர்கள் அவள் வீட்டில் சாப்பிடுகிறார்கள், ஆறு வாக்கு. ஆறும் சிரித்தன.

மெல்ச்சோர்

*

செகோவியா, ஏப்ரல் 13

தம்பிக்கு,

உன் பத்தியை வாசித்துக் காட்டினேன். உண்மையிலேயே மகிழ்ந்தார். மறுநாளிலிருந்து நாங்கள் எல்லாரும் கீழ்ப்படிய ஆரம்பித்தோம்.

விடிவதற்கு முன்னால் ஒலால்யா அவர் கதவைத் தட்டுகிறாள். "எசமான், நீங்க எழுந்தாத்தானே நாங்க எழணும்? ஏழாம் அதிகாரம்." பிறகு உர்ராக்கா: "எசமான், கடலை ஊறவைக்கவா, அவரையா? கடலைன்னா எத்தனை கை? உங்க கையா என் கையா?" பிறகு அந்தோனும் சாஞ்சோவும் கொப்பரை கிளறும் துடுப்புக்காகச் சண்டை போட்டுக்கொண்டு தீர்ப்புக்கு வருகிறார்கள். பதினோரு வருஷமாக ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள், இப்போது தினமும் ஒரு வழக்கு. நேற்று தீர்ப்பு கேட்டுவிட்டு இருவரும் மேல்முறையீடு செய்தார்கள், அவரிடமே.

ஞானோபதேசம்தான் உச்சம். கிழவர் பிளாஸிடம் "பரிசுத்த திரித்துவம்னா என்ன?" என்று கேட்டார். பிளாஸ் யோசித்து, "எசமான், அது பெரியவங்க விஷயம். மூணு பேரு சேர்ந்து ஒரு வீட்டை நடத்துறாங்க, யாரு முதல்னு சண்டையே இல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றார். தொரீபியோ எழுந்து போய்விட்டார்.

பாவசங்கீர்த்தனச் சீட்டுகளுக்காக அவர் பட்ட பாடு தனி. பாஸ்காவுக்கு அடுத்த ஞாயிறுக்குள் சீட்டு தராதவன் பெயரைக் கோவில் கதவில் ஒட்டி, சபையை விட்டு விலக்கிவிடுவார்களே, அந்தப் பயம். சாயக்காரர்களைப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். பிளாஸ், "கை நீலமா இருக்கு எசமான், வெளுத்ததும் போறேன்" என்றார். நாற்பது வருஷமாக அந்தக் கை வெளுக்கவில்லை. கடைசியில் தொரீபியோவே அவரைத் தோளைப் பிடித்துக் கோவில் வரை தள்ளிக்கொண்டு போய், வெளியே காவல் நின்று, சீட்டை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்.

கித்தேரியாவுக்கு அடிக்குறிப்பைச் சொல்லிவிட்டேன். நீ வேண்டாம் என்றால் நான் சொல்லாமல் இருப்பேனா? அவள் மேசையில் எல்லார் முன்னாலும், "சித்தப்பா, சாமியார் முன்னாடி நான் வாயைத் திறக்க மாட்டேன். என்ன செய்வீங்க?" என்றாள். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "திறக்க வேணாம். மடத்துக்குப் போயிடு. அங்க வாயைத் திறக்காம இருக்கிறதுக்குத்தான் மரியாதை." முப்பதாம் தேதி நோட்டரி வருகிறார், ஹினேஸுடன். கையெழுத்துப் போட்டால் தரகர், இல்லாவிட்டால் மடம். எப்படியும் பட்டறை அவர்கள் கைக்கு. இரண்டு வாரம்தான் இருக்கிறது.

இப்போது கேட்கிறேன், நன்றாக யோசித்துப் பதில் எழுது. ஒன்பதாம் அதிகாரத்தில், தலைவன் எதையாவது மறந்துவிட்டால் கீழிருப்பவர் அதைச் சுட்டிக்காட்டக் கூடாது என்கிறாய். மௌனமாக ஜெபிக்க வேண்டும் என்கிறாய். நிஜமாகவா? எந்தச் சந்தர்ப்பத்திலுமா?

மென்சியா

*

சலமான்கா, ஏப்ரல் 18, பெரிய வாரம்

அக்கா,

அவசரத்தில் எழுதுகிறேன், நாளை மறுநாளிலிருந்து தபால் இல்லை. ஒன்பதாம் அதிகாரத்தில் நான் உறுதியாக நிற்கிறேன். எந்தச் சந்தர்ப்பத்திலும் கூடாது. பாதம் தலைக்கு வழி சொல்லுமா? மௌனமும் ஜெபமும்.

நேற்று சபை விவாதத்தில் வில்யாகொர்த்தா எழுந்து, "மனைவி மக்கள் இல்லாத ஒருவர் இல்லத்தைப் பற்றி எழுதுவது, கடலைப் பார்க்காதவர் கப்பல் ஓட்டக் கற்றுக்கொடுப்பது போலில்லையா?" என்றார். பையன்கள் தரையைக் காலால் தட்டி ஆரவாரித்தார்கள். அவர் வாங்கித் தருவது தேன் குழல். பாதாம் அல்வா எடுபடவில்லை.

கித்தேரியாவின் நினைவாகவே இருக்கிறது. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் வெள்ளைச் சட்டையைப் பச்சைத் தொட்டியில் போட்டவள். என்னால் எதுவும் செய்ய முடியவில்லையே.

ஏன் அந்தக் கேள்வி கேட்டாய்? அவர் எதை மறந்தார்?

மெ.

*

செகோவியா, மே 1

மெல்ச்சோர்,

சொல்கிறேன். எட்டுச் சீட்டு. வீட்டில் ஒன்பது ஆத்துமா.

தினமும் சாயங்காலம் பெட்டியைத் திறந்து எண்ணுவார். "எனக்குக் கீழ எட்டு பேரு. எட்டும் இருக்கு." பூட்டுவார். தலையும் ஓர் ஆத்துமாதான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. எங்களைத் துரத்தித் துரத்தி, தான் போய் முழங்காலில் நிற்க மறந்துவிட்டார்.

முதலில் கவனித்தது ஒலால்யா. எனக்கு வாய் வரை வந்தது, தம்பி. பெரிய வெள்ளியன்று அவர் அறை வாசல் வரைக்கும் போய்விட்டேன். அதற்குள் உன் கடிதத்துக்காகக் காத்திருப்போம் என்று தோன்றியது. பாஸ்கா அன்று கடிதம் வந்தது. மௌனமும் ஜெபமும். சரி என்று எட்டுப் பேரும் மௌனமாக ஜெபித்தோம். பிளாஸ் இத்தனை பக்தியாக ஜெபித்து நான் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் கோவில் கதவில் ஒரே ஒரு பெயர். 'சாயப்பட்டறை வீட்டுத் தலைவர் தொரீபியோ'. தலைவர் என்றே போட்டிருந்தது, அவர் கேட்ட மாதிரியே. சாமியாரிடம் ஓடினார். "சாமி, எட்டுச் சீட்டும் கொடுத்தேனே!" "கொடுத்தே. ஒன்பதாவது எங்க?" "அது யாருது?" என்று கேட்டார். அதை அவர் கேட்ட விதத்தில் எனக்கே பாவமாக இருந்தது.

நேற்று நோட்டரி ஹினேஸுடன் வந்தார். மேசையில் தாளை விரித்து உட்காரப்போனவர் பாதியில் நின்றார். "தொரீபியோன்னா... கதவுல இருக்கிறவரா?" பெயர் ஒட்டப்பட்டவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்தால் தனக்கும் அதே கதி என்று பேனாவை மையில் தொடாமலே எடுத்துவைத்துவிட்டார். ஹினேஸ் வாசற்படிக்கு வெளியே நின்று, "முதல்ல பேரைக் கழுவிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றார். அதற்கு ஆயரின் நீதிச் சபைக்குப் போக வேண்டும், வாரக்கணக்காகும். எங்களுக்கும் அவரோடு உட்கார்ந்து சாப்பிட அனுமதி இல்லை. உர்ராக்கா தட்டைக் கொண்டுபோய்க் கழுதைக் கொட்டிலில் வைத்துவிட்டு, "எசமான், உப்பு சரியா இருக்கான்னு நீங்கதான் சொல்லணும்" என்று தூரத்திலிருந்து கேட்டாள்.

இன்று காலை மூட்டை கட்டினார். உன் புத்தகத்தை விட்டுவிட்டுப் போய்விட்டார். ஹினேஸுக்கு வேறொரு பட்டறையில் விதவை கிடைத்துவிட்டாளாம்.

எனக்கு மனசு உறுத்தியது, சாமியாரிடம் சொன்னேன். "தெரிஞ்சும் சொல்லலையா?" என்றார். "என் தம்பி புத்தகம் போட்டுத் தடுத்திருக்கான், சாமி." பிறகு, "அந்தப் புத்தகத்தை இன்னொரு தரம் முழுசா படி. அதுதான் உனக்குத் தண்டனை" என்றார்.

தலை இல்லாமல் ஏடு நிற்காது. பன்னிரண்டாம் தேதி சாமியார் திருத்தி எழுத வருகிறார். ஊர் வாயாடிகள் இன்னொரு கொழுந்தன் இருப்பதை அவருக்கு ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இன்னும் பயம் போகவில்லை.

அக்கா

*

சலமான்கா, மே 7

அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது, இரண்டாவது முறை பயம் வந்தது. மூன்றாவது முறை அல்தோன்சா படித்துக் காட்டச் சொன்னாள். அவள் சிரித்து முடிக்கும்வரை கீழே யாருக்கும் சாப்பாடு பரிமாறப்படவில்லை.

பீடம் எனக்குக் கிடைத்துவிட்டது. நாலு வாக்கு வித்தியாசம். என் வாதத் திறமை என்று நினைத்துச் சந்தோஷமாகப் படி ஏறி வந்தேன். பிறகு தெரிந்தது. அல்தோன்சா தன் ஆறு பேரிடமும், "மாடிக்காரருக்குப் போடுங்க. அவருக்கு வேற எதுவும் தெரியாது, பாவம்" என்று சொல்லியிருக்கிறாள். தவக்காலத்தில் எனக்குக் கீரை போட்டுவிட்டு அவர்களுக்கு மீன் பணியாரம் போட்டது இதற்காகத்தான்.

இன்னொன்றும் உண்டு. இங்கேயும் சாமியார் கணக்கு எழுத வந்திருந்தார். நான் வாக்குக் கேட்கப் போயிருந்தேன். இன்றுதான் ஏட்டைப் பார்த்தேன். அல்தோன்சா தலை. இரண்டாவது சமையல்காரி. மூன்றாவது நான், 'மாடியில் இருப்பவர், எழுதுவார்' என்று. என் சீட்டு? சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பெரிய திங்களன்று அவள்தான் என் கையைப் பிடித்துக் கோவிலுக்கு இழுத்துப் போனாள். ஒன்பதாம் அதிகாரத்தை அவள் மதித்திருந்தால் என் பெயரும் கதவில் இருந்திருக்கும்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். நகரத்தை ஆளும் அதிகாரம் தகப்பனிடமிருந்து வருவதில்லை, சமுதாயம் மனமுவந்து கொடுப்பது என்று இங்கே பெரியவர்கள் பலர் கற்பிக்கிறார்கள். வீடு வேறு, நகரம் வேறு என்று நான் தாண்டிப் போய்விட்டேன். தாண்டியிருக்கக் கூடாது. இதைக் கூடவே ஒரு தனித் தாளில் முத்திரையோடு எழுதி வைத்திருக்கிறேன். மூன்றாம் அதிகாரம் எழுதியவனே மூன்றாம் அதிகாரம் தவறு என்கிறான். சாமியாரிடம் கொடு. வில்யாகொர்த்தா வாசலில் ஒட்டினால் ஒட்டட்டும்.

உன் தம்பி

*

செகோவியா, மே 14

என் தம்பி மெல்ச்சோருக்கு,

உன் தாளை மடியில் செருகிக்கொண்டுதான் முற்றத்தில் நின்றேன். எடுக்க வேண்டிய தேவை வரவில்லை. பத்திரமாக வைத்திருக்கிறேன், உனக்குத் திமிர் ஏறும்போது அனுப்புவேன்.

சாமியார் ஏட்டை விரித்து, மையைத் தொட்டு, "இந்த வீட்டுக்கு யாருப்பா தலை?" என்று எல்லாரையும் பார்த்துக் கேட்டார். எங்களிடம் இப்படி யாரும் கேட்டதில்லை அல்லவா. பிளாஸ் தொண்டையைக் கனைத்து, "சாமி, இதுக்கு எந்த அதிகாரத்துல பதில் இருக்கு?" என்றார். நான் எதுவும் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரத்தில் உள்ளே மஞ்சிட்டிச் சாயக் கொப்பரை சத்தம் போட்டது. சாமியாருக்கு மரியாதை காட்ட எல்லாரும் வெளியே வந்துவிட்டோம், அடுப்பை யாரும் பார்க்கவில்லை. சிவப்புக் கொப்பரை கொதிக்கக் கூடாது என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கொதித்தால் சிவப்பு செத்துப் பழுப்பாகிவிடும். ஒரு பருவத்து வேலை போய்விடும்.

"கொப்பரை!" என்று அந்தோன் கத்தினான். கத்திவிட்டு என்னைப் பார்த்தான். உர்ராக்கா என்னைப் பார்த்தாள். ஒலால்யா, சாஞ்சோ, ஃப்ரோய்லான், பிளாஸ், ஆறு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். நான் யாரைப் பார்த்தேன் தெரியுமா? கித்தேரியாவை. அவள் அங்கே இல்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏற்கெனவே உள்ளே ஓடியிருந்தாள்.

"தண்ணி ஊத்தாதீங்க! நெருப்பை இழுங்க! அம்மா, துணியைத் தூக்கு!"

தூக்கினேன். எல்லாரும் தூக்கினோம்.

புகைக்குள்ளிருந்து இருமிக்கொண்டு வெளியே வந்தபோது சாமியார் எழுதி முடித்து, மை காய மணலைத் தூவிக்கொண்டிருந்தார்.

"என்ன எழுதினீங்க, சாமி?"

"அவங்க எங்க பாத்தாங்களோ அதை." ஏட்டைத் திருப்பிக் காட்டினார். மென்சியா, தலை. பிறகு என் பெண்ணைப் பார்த்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "நீ எங்க பாத்தேங்கிறதையும் பாத்தேன். அதுக்குக் கீழ ஒரு வரி இடம் விட்டிருக்கேன்" என்றார்.

துணி பிழைத்தது. பீடத்தில் ஏறும்போது நீ சிவப்பு முக்காடு போட வேண்டுமாமே, அதிலிருந்து இரண்டு முழம் வெட்டி ஃப்ரோய்லானிடம் கொடுத்தனுப்புகிறேன். ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பழுப்பு இருக்கும். அவள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் கொப்பரை அதை எடுத்துக்கொண்டது. தையல்காரர் உள்ளே மடித்துவிடலாம் என்பார். மடிக்க விடாதே. முதல் வகுப்பிலேயே பையன்களில் எவனாவது அது என்ன என்று கேட்பான், கேட்டால் சொல்.

அல்தோன்சாவுக்கு என் வணக்கம். உனக்கு முன்னால் அவளுக்கு.

மென்சியா